சேற்றில் கிடக்கும் மட்டிக்கு ஏன் புண் பிடிப்பதில்லை?
முள்ளந்தண்டற்ற உயிர்களில் புதிய மருந்து தேடுவது பற்றிய ஒரு பாடம்

கொட்டியாரக் குடாவின் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் நாம் வாசகர் கூட்டம் ஒன்றை நடத்தினோம். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வயலை விட்டு வந்த கமக்காரக் குடும்பங்கள். சிலர் 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, ஊர் ஊராக மாறி வந்தவர்கள். வயல் இல்லாத காலத்தில் மட்டி பொறுக்கியும், நண்டு பிடித்தும், கூலிக்கு வலை இழுத்தும் பிள்ளைகளை வளர்த்தவர்கள். கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெரியவர் கேட்டார்:

“இரவு பகலா சேத்துக்குள்ள கிடக்கிற மட்டிக்கு ஏன் புண் பிடிக்கிறதில்லை? நாங்க வயல்ல ஒருநாள் காலை வெட்டிக்கொண்டா ஒரு மாதம் படுத்துக் கிடக்கிறமே!”

பலர் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல. உலகின் பல ஆய்வுகூடங்களில் படித்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே கேள்விதான். எனவே இந்த இதழின் பாடத்தை அந்தப் பெரியவரின் கேள்விக்கு விடையாக எழுதுகிறோம்.

வயலில் உள்ள கிருமி

முதலில் எமது பக்கத்தைப் பார்ப்போம். வயற் சேற்றிலும் குளத்து நீரிலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எமக்குத் தீமை செய்வதில்லை. வைக்கோலை உக்கச் செய்து மண்ணை வளமாக்குவனவும் அவையே. ஆனால் சில, காலில் உள்ள சிறு காயத்தின் வழியாக உடலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

எலிக்காய்ச்சல் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு நோய் மெலியோய்டோசிஸ். இந்த நோயின் பற்றீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. இலங்கையில் இந்த நோய் முதன்முதலாக 1927இல் பதிவாகியது. பின்னர் நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்தது. 2006இற்குப் பின்னர் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோதுதான் நாட்டின் பல மாவட்டங்களிலும் இது இருப்பது தெரியவந்தது. மாரி மழைக் காலத்தில் இது கூடுகிறது. வயலில் வேலை செய்வோரையும், அவர்களிலும் குறிப்பாகச் சலரோகம் உள்ளவர்களையும் தாக்குகிறது. காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடலில் சீழ்க்கட்டிகள் எனப் பல வேடங்களில் வருவதால் சில வேளைகளில் காசநோய் என்றும் தவறாக எண்ணப்படுகிறது.

இந்தக் கிருமிக்குப் பெனிசிலின் போன்ற வழக்கமான மருந்துகள் பல பலிப்பதில்லை. செப்டசிடைம் போன்ற ஒருசில ஊசி மருந்துகளே பலிக்கின்றன. குறைந்தது பத்து, பதினான்கு நாட்கள் ஊசி போட்டபின், மேலும் மூன்று மாதமளவில் குளிசை எடுக்க வேண்டும்.

இந்தச் செப்டசிடைம் எங்கிருந்து வந்தது? 1945இல் இத்தாலி நாட்டின் சார்டினியா தீவில், காலியாரி என்ற துறைமுகப் பட்டினத்தில், ஜுசெப்பே புரோட்சு என்ற வைத்தியப் பேராசிரியர் கடலை ஆராய்ந்துகொண்டிருந்தார். பட்டினத்துக் கழிவுநீர் கடலில் விழும் இடத்தில் நோய்க்கிருமிகள் பெருக வேண்டும். அதற்கு மாறாக நீர் தானாகவே துப்புரவாவதைக் கண்டார். அங்கிருந்து எடுத்த நீரில் ஒரு பூஞ்சணம் வளர்ந்தது. கிருமிகளைக் கொல்லும் பொருளை அதுவே சுரந்தது. பின்னர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1964இல் அந்த வகையின் முதல் மருந்து விற்பனைக்கு வந்தது. செப்டசிடைம் அதே குடும்பத்தில் பிறந்த பிந்திய பிள்ளை. ஒரு துறைமுகத்தின் கழிவுநீர் வாயிலில் தொடங்கிய தேடல், எமது வயற் சேற்றுக் கிருமிக்கு மருந்தாக வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய மருந்து ஏன் போதாது?

டாக்குத்தர் ‘அன்ரிபயோட்டிக்’ என்று சொல்லும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எமது பாட்டன் காலத்தில் இல்லை. 1928இல் பெனிசிலின் கண்டறியப்பட்டது; 1940களில் மக்களுக்குக் கிடைத்தது. அதுவரை சாதாரண முள் குத்தின காயத்தினால் இறந்தவர்களும் உண்டு; பிள்ளைப்பேற்றின் பின் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மாரும் உண்டு.

ஆனால் கிருமிகள் பழகிக்கொள்கின்றன. களைநாசினியைத் தொடர்ந்து அடித்த வயலில் அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சி விதை போடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கிருமிகளிடையேயும் அதுதான் நடக்கிறது. மருந்துக்குத் தப்பியவை பெருகுகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். எனவே புதிய மருந்து தேவை. அதை எங்கே தேடுவது என்பதே கேள்வி.

ஊசி போடாமல் பிழைக்கும் உயிர்கள்

மண்புழு, நத்தை, மட்டி, நண்டு, இறால், பூச்சி, கடலட்டை, கடற்பஞ்சு, முருகை — இவை எல்லாவற்றுக்கும் முள்ளந்தண்டு இல்லை. உலகிலுள்ள விலங்கு இனங்களில் மிகப் பெரும்பான்மையானவை இவ்வாறானவையே.

மனிதருக்கு நோய் வந்தால் உடல் அந்தக் கிருமிக்கென்றே பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அந்தக் கிருமியை நினைவிலும் வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது அந்த நினைவை உண்டாக்கவே. முள்ளந்தண்டற்ற உயிர்களுக்குப் பிறபொருளெதிரிகள் இல்லை. ஆயினும் அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிருமிகளின் நடுவில் வாழ்கின்றன. ஒரு மட்டி நாளொன்றுக்குப் பல லீற்றர் கடல் நீரைத் தன் உடலினூடாக இழுத்து வடிகட்டியே உணவைத் தேடுகிறது. நீரிலுள்ள கிருமிகள் அனைத்தும் அதன் உடலைக் கடந்தே செல்கின்றன. அப்படியானால் அதற்கு வேறு காவல் இருக்க வேண்டும்.

அந்தக் காவலைத் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் சுவீடன் நாட்டின் ஹான்ஸ் பூமான். அவரும் கூட்டாளிகளும் பெரிய பட்டுப்பூச்சி இனமொன்றின் கூட்டுப்புழுவில் பற்றீரியாவை ஊசியால் ஏற்றினார்கள். சில நாட்களில் அந்தப் புழுவின் குருதி கிருமிகளைக் கொல்லும் வலிமை பெற்றது. அந்தக் குருதியிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த சிறு புரதத்துக்குச் ‘செக்ரோபின்’ என்று பெயர் வைத்து 1981இல் வெளியிட்டார்கள்.

இந்தச் சிறு புரதங்கள் எவ்வாறு கிருமியைக் கொல்கின்றன? இவற்றுள் பல நேரேற்றம் கொண்டவை. பற்றீரியாவின் வெளித்தோல் மறையேற்றம் கொண்டது. எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவரும் என்பதைப் பாடசாலையில் படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். புரதம் கிருமியின் தோலில் ஒட்டி அதைத் துளைக்கிறது. உள்ளே இருப்பது வெளியே ஒழுகிக் கிருமி சாகிறது. எமது உடற்கலங்களின் வெளித்தோல் அவ்வளவு மறையேற்றம் கொண்டதல்ல. ஆகவே அது பெரும்பாலும் தப்பிக்கொள்கிறது.

மட்டிக்கு வருவோம். 1996இல் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகர ஆய்வாளர்கள் நீல மட்டி எனப்படும் வகையின் குருதியிலிருந்து இவ்வாறான பல சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நகரத்தில் பூச்சிகளின் நோயெதிர்ப்பை ஆராய்ந்த ஜூல் ஹொஃப்மானுக்கு 2011இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஈயையும் மட்டியையும் ஆராய்வது வீண் வேலை அல்ல என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு முதல் விடை இது: மட்டியும் கிருமியால் தாக்கப்படுகிறது. சில வேளை செத்தும் போகிறது. ஆனால் அதன் குருதியிலேயே காவல் இருக்கிறது.

எமது துறைமுகமும் ஒரு கடற்பஞ்சும்

இந்தத் தேடலில் எமது திருகோணமலைக்கும் ஒரு சிறு இடம் உண்டு. 1850களில் எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் என்ற படை வைத்தியர் இங்கு பணியாற்றினார். இலங்கையில் பிறந்தவர். ஓய்வு நேரத்தில் துறைமுகத்தின் கல்லிடுக்குகளில் ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடி எடுத்து, உயிரோடு இருக்கையிலேயே அவற்றின் நிறத்தையும் வடிவத்தையும் எழுதி வைத்தார். தம்பலகாமக் குடாவின் முத்துச் சிப்பிகளையும் ஆராய்ந்தார். அவர் 1860இல் காலமானார்.

ஓடும் இல்லை, முள்ளும் இல்லை, வேகமாக ஓடவும் தெரியாது. அப்படியான நத்தையை மீன்கள் ஏன் தின்பதில்லை? அந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் விடை வரவில்லை. 1975இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் போல் ஷொயரும் கூட்டாளிகளும் ஒரு கடல் நத்தை தான் தின்னும் கடற்பஞ்சிலிருந்து நச்சுப் பொருளை எடுத்துத் தன் உடலில் சேர்த்து வைத்திருப்பதைக் காட்டினார்கள். நத்தைக்குக் காவலாக இருந்தது கடற்பஞ்சின் இரசாயனம்.

கடற்பஞ்சு பாறையில் ஒட்டிய ஒரு விலங்கு. இடம்விட்டு இடம் போக அதனால் முடியாது. நீரை உறிஞ்சி, வடிகட்டி, உணவைப் பெறுகிறது. தன்னைக் காக்க அதனிடம் இருப்பது இரசாயனம் ஒன்றே. ஷொயரின் ஆய்வுகூடத்தில் படித்த இலங்கையரான டிலிப் டி சில்வா, பசிபிக் சமுத்திரத்தின் பலாவ் தீவுக் கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சை ஆராய்ந்தார். அதிலிருந்து புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் பற்றீரியாக்களைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஹவாயில் பல்கலைக்கழகம் அமைந்துள்ள மனோவா பள்ளத்தாக்கின் பெயரால் அதற்கு ‘மனோலைட்’ எனப் பெயரிட்டு, 1980இல் டி சில்வாவும் ஷொயரும் வெளியிட்டார்கள். டி சில்வா பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மனோலைட் மருந்தானதா? இல்லை. அது வீக்கத்தையும் அழற்சியையும் தடுக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. தோல் நோயொன்றுக்குப் பூசும் மருந்தாக மனிதரில் பரீட்சிக்கப்பட்டது. ஆயினும் மருந்துக் கடைக்கு வரவில்லை. அழற்சி எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்வோர் அதைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். தேடினதெல்லாம் மருந்தாவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

உள்ளே இருப்பவர் யார்?

மண்ணில் ஒரு வகை நுண்ணிய வட்டப்புழு உண்டு. பயிரின் வேரைத் தின்னும் வெண்புழுக்களின் உடலுக்குள் அது புகுகிறது. தன் குடலில் வைத்திருக்கும் பற்றீரியாவை அங்கே விடுகிறது. வெண்புழு ஓரிரு நாளில் சாகிறது. செத்த உடல் மண்ணில் கிடந்தால் அழுக வேண்டும் அல்லவா? ஆனால் அது உடனே அழுகுவதில்லை. வட்டப்புழு கொண்டுவந்த பற்றீரியா, மற்றக் கிருமிகள் அந்த உணவுக்குப் பங்குக்கு வராதபடி மருந்து சுரக்கிறது.

அமெரிக்காவின் போஸ்டன் நகரில் கிம் லூயிஸ் குழுவினர் இந்தப் பற்றீரியாக்களைத் தேடி, ‘டாரோபக்ரின்’ என்ற புதிய பொருளை 2019இல் வெளியிட்டார்கள். வழக்கமான மருந்துக்கு அடங்காத சில கிருமிகளை அது கொன்றது. நோயுற்ற எலிகள் பிழைத்தன. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

கடற்பஞ்சிலும் இவ்வாறே. ஒரு கடற்பஞ்சு இனத்தில் கிடைத்த பல பொருட்களை உண்மையில் செய்தது அதனுள் குடியிருக்கும் ஒரு பற்றீரியாவே என 2014இல் நிறுவப்பட்டது. வீட்டுக்காரர் ஒருவர், சமைப்பவர் இன்னொருவர் என்பது போல. ஆகவே ஓர் உயிர் அழிந்தால் அதனோடு அதனுள் வாழ்ந்தவையும் அழிகின்றன.

எப்படித் தேடுகிறார்கள்?

இந்த வேலையைச் சூடடிப்புடன் ஒப்பிட்டால் எளிதாக விளங்கும்.

1. எடுத்தல்: அனுமதி பெற்று, சிறிதளவு மட்டும் எடுக்கிறார்கள். எந்த இடம், எந்த ஆழம், எந்த நாள் என்று எழுதி, குளிரில் வைக்கிறார்கள். குறிப்பில்லாத மாதிரியால் பயனில்லை.

2. ஊறவைத்தல்: மதுசாரம் போன்ற திரவத்தில் ஊறவைத்து, சாற்றை வடித்து, வற்றவைக்கிறார்கள்.

3. பரீட்சித்தல்: மூடியுள்ள சிறு கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி அதில் கிருமியைப் பரப்புகிறார்கள். சாற்றில் நனைத்த சிறு கடதாசி வட்டத்தை நடுவில் வைக்கிறார்கள். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி படர்ந்து மங்கலாகும். கடதாசியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தோன்றினால் சாற்றில் ஏதோ உண்டு.

4. பொலி தூற்றுதல்: சாற்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருக்கும். அதைப் பல பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் மறுபடி பரீட்சிக்கிறார்கள். பதர் போக மணி மிஞ்சும் வரை இது தொடரும்.

5. அடையாளம் காணல்: மிஞ்சிய பொருளின் அமைப்பைக் கண்டறிகிறார்கள். ஏற்கெனவே தெரிந்த பொருளாயின் அத்துடன் முடிந்தது.

6. தீமை பார்த்தல்: கிருமியைக் கொல்வது மனிதரையும் கொல்லுமா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலானவை இங்கேதான் தோற்கின்றன. செங்குருதிக் கலங்களை உடைக்கும் பொருளை யாருக்கும் ஊசியாக ஏற்ற முடியாது.

7. விலங்கிலும் மனிதரிலும் பரீட்சை: இதற்குப் பல ஆண்டுகளும் பெருந்தொகைப் பணமும் வேண்டும்.

முதல் மூன்று படிகளைச் சாதாரணப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் செய்யலாம். தமிழ்நாட்டின் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்திலும், தூத்துக்குடியிலும் சங்கு, கடற்பஞ்சு முதலியவற்றை ஆய்வாளர்கள் இவ்வாறு பரீட்சித்து வந்துள்ளனர். தெளிந்த வளையம் கண்ட செய்தி அடிக்கடி வருகிறது. வளையம் என்பது நாற்று மாத்திரமே, அறுவடை அல்ல.

ஏன் இவ்வளவு தாமதம்?

முதலாவது, அளவு. நியூசிலாந்துக் கடலில் ஒரு தொன் கடற்பஞ்சை எடுத்துப் பிழிந்தபோது, புற்றுநோய்க்கு எதிரான ஒரு பொருள் 310 மில்லிகிராம் மட்டுமே கிடைத்தது. கடலை அழித்து மருந்து செய்ய முடியாது. அந்தப் பொருளின் அமைப்பைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் செய்த மருந்து 2010இல் அங்கீகாரம் பெற்றது. இயற்கை தருவது பெரும்பாலும் வரைபடம். வீட்டை மனிதர்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, சிறு புரதங்களை விழுங்கினால் இரைப்பை அவற்றை இறைச்சியைப் போலச் சமிக்கச் செய்துவிடும்.

மூன்றாவது, பணம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சில நாட்கள் மட்டுமே எடுக்கிறோம்; புதியதை வைத்தியர்கள் அவசரத்துக்கென ஒதுக்கி வைக்கிறார்கள். ஆகவே கம்பனிக்கு இலாபம் குறைவு. அமெரிக்கக் கம்பனி ஒன்று 2018இல் தன் புதிய மருந்துக்கு அனுமதி பெற்று, 2019இல் வங்குரோத்தானது. ஏழைகளுக்கு அதிகம் தேவையான மருந்து சந்தையில் விலைபோகாத மருந்தாக இருப்பது இந்தத் துறையின் பெரும் குறை.

இருந்தும் தேடல் வெறுங்கையாய்ப் போகவில்லை. குருதிப் புற்றுநோய்க்கான ஒரு மருந்து 1950களில் ஆராயப்பட்ட கடற்பஞ்சுப் பொருட்களின் வழியில் வந்தது. கடும் வலிக்கான ஒரு மருந்து கூம்பு வடிவச் சங்கின் நஞ்சிலிருந்து வந்து 2004இல் அனுமதி பெற்றது. எமது கரையில் இல்லாத, ஒரிசா கரையில் வாழும் குதிரைலாட நண்டின் இனத்தவரும் உதவுகிறார்கள்: அமெரிக்கக் குதிரைலாட நண்டின் குருதியைக் கொண்டு, ஊசி மருந்திலும் சேலைனிலும் கிருமி நஞ்சு கலந்துள்ளதா என 1970கள் முதல் சோதிக்கிறார்கள்.

காயமும் புழுவும்

போரைக் கண்ட மக்கள் ஆகையால் இதைச் சொல்ல வேண்டும். 1917இல், முதலாம் உலகப் போரில், ஏழு நாட்கள் களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த இரு வீரர்களை வில்லியம் பேயர் என்ற வைத்தியர் கண்டார். அவர்களின் காயங்களில் ஈப்புழு நிறைந்திருந்தது. ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. புழுவைக் கழுவியபோது காயம் சிவந்து சுத்தமாக இருந்தது. பின்னர் 1929இல் பால்டிமோர் நகர ஆஸ்பத்திரியில் புழுவைக் கொண்டு ஆறாத புண்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். ஆனால் சில நோயாளிகளுக்கு ஏற்புவலி கண்டது. அதன்பின் கிருமி நீக்கி வளர்த்த புழுக்களையே பயன்படுத்தினார். 2010இல் பிராக் நகர ஆய்வாளர்கள் இந்த ஈப்புழுவிலிருந்து கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் புண்ணில் புழுவை விட்டுவைக்கக் கூடாது. மருத்துவத்துக்கென வளர்க்கும் புழு வேறு; எமது ஈ இடும் புழு வேறு. சில இன ஈக்களின் புழு உயிருள்ள தசையையே தின்னும். அதைப் போலவே மட்டிச் சாறு, கடலட்டைத் தைலம், அரைத்த சங்கு என்று எதையும் திறந்த புண்ணில் பூச வேண்டாம். அதில் உள்ள காவற் பொருள் மிகச் சிறிது. அதனோடு வரும் சேறும் கிருமியும் பெரிது.

நாம் செய்யக்கூடியவை

• வயலில் காயம் பட்டால் உடனே சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். துப்புரவான துணியால் மூடுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். புண் ஆறும்வரை சேற்றில் இறங்காதிருப்பது நல்லது. இறங்கவே வேண்டுமாயின் சப்பாத்து அணியுங்கள்.

• மாரி காலத்தில் காய்ச்சல் விடாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். “நான் வயலில் வேலை செய்பவன்”, “எனக்குச் சலரோகம் உண்டு” என்ற இரண்டையும் கேட்காமலே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டலாம். எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள்.

• நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை வைத்தியர் சொல்லாமல் வாங்க வேண்டாம். சொன்ன நாள் முழுவதும் எடுங்கள். மிஞ்சியதைப் பக்கத்துக் குடிசைக்குக் கொடுப்பது உதவி போலத் தோன்றும். உண்மையில் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும். தடிமனுக்கு இந்த மருந்து உதவாது. கோழி வளர்ப்போர் தீனியில் இதைச் சும்மா கலக்க வேண்டாம்.

• கூம்பு வடிவான அழகிய சங்கை உயிரோடு கையில் எடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவற்றில் சில இனங்கள் கொட்டினால் மனிதர் இறக்கவும் கூடும்.

• முருகைக்கல்லை உடைப்பதும் குஞ்சு கடலட்டையை அள்ளுவதும் நாளைய வாழ்வை இன்றே விற்பதாகும். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பல முருகைத் திட்டுகள் வெளுத்து இறந்தபோது, திருகோணமலைப் பக்கத்துத் திட்டுகள் பெருமளவு தப்பின. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

• யாராவது வந்து “ஆராய்ச்சிக்கு” என்று உயிர்களைச் சேகரித்துத் தரக் கேட்டால், அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடற்றொழில் சங்கத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். உயிரியற் பல்வகைமைக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மீது அந்த நாட்டுக்கே உரிமை உண்டு, அதனால் வரும் பயனும் நீதியாகப் பகிரப்பட வேண்டும் என்பது அதன் கருத்து.

பெரியவருக்கு விடை

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவரிடம் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அப்ப மட்டி தன்ர மருந்தைத் தானே வைச்சிருக்குது. நாங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

அது சரி. ஆனால் அதோடு இன்னொன்றும் உண்டு. மட்டியின் காவல் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்தன. எமது காவலாகிய மருந்துகள் கிடைத்து நூறு ஆண்டுகூட நிறையவில்லை. அவற்றை வீணாக்கினால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டாகும் என்பதை இந்தப் பாடத்தில் பார்த்தோம். விதைநெல்லைச் சமைத்துத் தின்னாத கமக்காரருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. கையிலிருக்கும் மருந்தும் விதைநெல்தான். கரையில் வாழும் சிற்றுயிரும் விதைநெல்தான்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்தில் கடந்த ஆண்டு யாருக்காவது வயற் காயம் சீழ்பிடித்ததா? அப்போது முதலில் என்ன செய்தீர்கள்? இப்போது என்ன செய்வீர்கள்?

2. உங்கள் வீட்டில் மிஞ்சிய குளிசைகள் உள்ளனவா? எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்குத் தரப்பட்டவை?

3. கண்ணாடித் தட்டில் தோன்றும் தெளிந்த வளையத்துக்கும் பாமசியில் கிடைக்கும் மருந்துக்கும் இடையில் உள்ள படிகளைப் பிள்ளைகளைக் கொண்டு சொல்விக்கவும்.

4. உங்கள் கரையில் முன்பு இருந்து இப்போது காணக்கிடைக்காத சிற்றுயிர்கள் எவை? ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் வழங்கும் பெயரிலேயே பட்டியல் எழுதிவைக்கவும்.